எல்லாளன் சமாதியும் கொசோவோக் களமும்

மட்டக்குளியில் களனி கங்கை கடலோடு கலக்கின்றது. காக்கைதீவுக் கரைக்கு மாலை வேளையில் காற்று வாங்க வருவோர்க்கு அது மணலும் வலையும் தோணியும் நிறைந்த ஓர் ஆற்றுமுகம், அவ்வளவே. இதே ஆற்றின் வழியே சில மைல் மேலே சென்றாற் களனி விகாரை. இலங்கையின் பழங்கதைகளுள் மிகப் பெரிய ஒன்று அங்கேதான் தொடங்குகின்றது.

களனியை ஆண்ட தீசன் என்னும் மன்னன், குற்றமற்ற துறவி ஒருவரைக் கொதிக்கும் எண்ணெயில் இடுவித்துக் கொன்றானாம். கடல் பொங்கி நாட்டை விழுங்க வந்தது. அதன் சினத்தைத் தணிக்க வேண்டித் தன் மகளைப் பொற்கலம் ஒன்றில் இருத்திக் கடலில் மிதக்கவிட்டான். அக்கலம் தெற்கே உருகுணை நாட்டின் கரையில் ஒதுங்க, அந்நாட்டை ஆண்ட காக்கைவண்ண தீசன் அவளை மணந்துகொண்டான். அவளே விகாரமாதேவி. கொழும்பு மாநகரின் பழைய விக்டோரியா பூங்கா இன்று தாங்கி நிற்பது அவள் பெயரையே. அவள் பெற்ற மகன் துட்டகைமுனு.

துட்டகைமுனு என்றதும் எல்லாளன் பெயரும் நாவில் வந்து நிற்கும். மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மதிலுக்கு இருபுறமும் வாழ்கின்றனர்; ஒரே சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுகின்றனர். ஆயினும் காலையிற் பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் மொழிவாரியாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் துட்டகைமுனு நாட்டை மீட்ட மாவீரன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எல்லாளன் முதுமையிலே போருக்கு இழுக்கப்பட்டு வீழ்த்தப்பட்ட நீதிமான். இவ்விரு கதைகளும் பிறந்தது ஒரே நூலிலிருந்து என்பதை இரு பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வார் அரியர்.

ஒரு நூல், இரு சரித்திரம்

அந்நூல் மகாவம்சம். கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில், மகாநாமர் என்னும் பிக்குவினாற் பாளி மொழியிற் செய்யுளாக இயற்றப்பட்டது. அது கூறும் போரோ கி.மு. 2ஆம் நூற்றாண்டிற்குரியது. போருக்கும் புத்தகத்துக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். தாம் எழுதியது எதற்காக என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. பக்தர்களின் உள்ளத்திலே பக்தியும் உணர்ச்சியும் பெருகவேண்டும் என்பதே தம் நோக்கம் என ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் கூறிச் செல்கின்றார்.

அத்தகைய பௌத்த நூல், சோழநாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தைக் கைப்பற்றிய அந்நிய மதத்தவனாகிய எல்லாளனைப் பற்றி என்ன சொல்கின்றது? நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்டான் என்றும், நண்பன் பகைவன் என்று பாராமல் நீதி வழங்கினான் என்றும் சொல்கின்றது. அவன் படுக்கையின் தலைமாட்டிலே மணி ஒன்று தொங்கியது. நீதி வேண்டுவோர் எவரும் அதன் கயிற்றை இழுக்கலாம். அவனுடைய ஒரே மகன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்திற் கன்று ஒன்று சிக்கி மடிந்தது. பசு வந்து மணியை அசைத்தது. மகனின் தலையை அதே சக்கரத்தால் துணிப்பித்தான் மன்னன். வெயிலிற் காயவைத்த அரிசி மழையில் நனைந்து கெட்டதென்று ஒரு கிழவி மணியடித்தபோது, பருவந் தவறிய மழைக்கும் தானே பொறுப்பென்று எண்ணி உண்ணா நோன்பு கிடந்தான்.

மனுநீதிச் சோழன் கதையை அறிந்த தமிழ் வாசகர் இவ்விடத்திற் புன்முறுவல் கொள்வர். திருவாரூரில் நிகழ்ந்ததாக நாம் சொல்லும் கதையை மகாவம்சம் அநுராதபுரத்தில் வைத்துச் சொல்கின்றது. ஆயின் பின்வரும் நிகழ்ச்சியைப் பெரும்பாலான தமிழர் கேட்டிரார். பிக்குகளை அழைத்துவர எல்லாளன் தேரேறிச் சென்றபோது, தேரின் நுகத்தடி பட்டுப் பழைய தூபி ஒன்று பழுதுற்றது. உடனே தேரினின்றும் இறங்கித் தெருவிலே படுத்து, என் தலையையும் சக்கரத்தால் துணியுங்கள் என்றானாம். பிறர்க்குத் தீங்கு செய்வதை எங்கள் ஆசான் விரும்பார், தூபியைச் செப்பனிட்டாற் போதும் என அமைச்சர் தேற்றினர். பெயர்ந்தவை பதினைந்து கற்களே. அவற்றைச் சீராக்க அவன் பதினையாயிரம் காசு செலவிட்டான்.

சங்க நூல்கள் பாடும் சோழருள் எல்லாளன் பெயர் இல்லை. தமிழர் இன்று பெருமையோடு உச்சரிக்கும் அம்மன்னனின் நீதியை ஏட்டில் ஏற்றிக் காப்பாற்றித் தந்தவர் ஒரு பௌத்த பிக்கு. இதை ஒத்துக்கொள்வதில் நமக்கு என்ன குறைவு வந்துவிடும்?

சிங்களப் பிள்ளைகட்குச் சொல்லப்படும் கதையிலும் விடுபடுவன உண்டு. துட்டகைமுனுவின் பத்து மாவீரருள் முதல்வன் நந்திமித்திரன். அவன் யார்? எல்லாளனின் சேனாபதியாகிய மித்தனின் சகோதரி மகன். மாமன் ஒரு பக்கம், மருமகன் மறு பக்கம். எல்லாளனோடு பொருதுவதற்கு முன்னரே துட்டகைமுனு தன் தம்பி சத்தாதீசனோடு அரசுரிமைக்காகப் போரிட்டு, முதற் போரிலே பல்லாயிரவரை இழந்து ஓடினான் என்பதும் அதே நூலில் உள்ளது. மகாவம்சத்துக்கு முற்பட்ட தீபவம்சமோ இந்த மாபெரும் போரைச் சில அடிகளிலேயே முடித்துவிடுகின்றது. அங்கேயும் எல்லாளன் அறவழியில் ஆண்டவனாகவே காணப்படுகின்றான்.

வெற்றிக்குப் பின் துட்டகைமுனுவின் மனம் நிலைகொள்ளவில்லை. இத்தனை உயிர்களை மாய்த்த எனக்கு அமைதி ஏது என்று அவன் கலங்க, எண்மர் அருகதர் வந்து தேற்றுகின்றனர். மாண்டவருள் மனிதராகக் கணிக்கத்தக்கவர் ஒன்றரைப் பேரே. மற்றையோர் பௌத்த நெறியிற் சேராதவர் என்பது அவர்கள் கூறிய சமாதானம். மகாவம்சத்திலே மிகக் கொடியது இப்பகுதியே என்பது என் எண்ணம். ஆயினும் அதே பகுதிதான் வென்றவனின் துயிலாத இரவையும் நமக்குக் காட்டுகின்றது.

1837இல் ஜோர்ஜ் டேர்னர் என்னும் ஆங்கில அதிகாரி மகாவம்சத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அக்காலத்து ஐரோப்பிய மொழிநூலார் மொழிகளை ஆரியம், திராவிடம் என வகுத்தனர்; மொழிக்கிட்ட பெயர் விரைவிலேயே இரத்தத்துக்கும் இடப்பட்டது. இரண்டு அரசர் முடிக்காகப் பொருத கதை, இரண்டு இனங்கள் நாட்டுக்காகப் பொருத கதையாயிற்று.

பால்கன் நாடுகளில்

இத்தகைய நோய் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் தென்கிழக்கே பால்கன் தீபகற்பத்தில் சேர்பியர், குரோவேசியர், போஸ்னியர், அல்பேனியர், மசிடோனியர், பல்கேரியர், கிரேக்கர் எனப் பல மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். பல நூற்றாண்டுகள் துருக்கிய சுல்தான்களின் கீழிருந்த அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொருவராக விடுதலை பெற்றபோது, ஒவ்வொரு மக்களும் தத்தம் பழம்பெரும் இராச்சியத்தைத் தேடி எடுத்தனர். சேர்பியர் 1346இல் முடிசூடிய துஷான் சக்கரவர்த்தியின் எல்லைகளை நினைத்தனர். பல்கேரியர் சிமியோனின் எல்லைகளை நினைத்தனர். கிரேக்கர் பைசாந்தியத்தை நினைத்தனர். ஒவ்வொருவரும் தாம் மிகப் பெரியவராய் இருந்த ஆண்டின் வரைபடத்தையே எடுத்து விரித்தமையால், ஒரே நிலம் மூன்று வரைபடங்களில் மூவர்க்குச் சொந்தமாயிற்று. 1912இல் எல்லோரும் ஒன்றுகூடித் துருக்கியரை வென்றனர். மறு ஆண்டே மசிடோனியாவைப் பங்கிடுவதிலே தமக்குள் அடித்துக்கொண்டனர்.

அவர்களுடைய துட்டகைமுனு கதை எனத்தக்கது கொசோவோப் போர். 1389ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சேர்பிய அரசன் லாசாரும் துருக்கிய சுல்தான் முராத்தும் அங்கே பொருதினர், இருவருமே மாண்டனர். வென்றவர் யார் என்பதே அன்று தெளிவாகத் தெரியவில்லை. போஸ்னிய மன்னன் துவர்த்கோ, கிறித்தவர் வென்றனரென்றே இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு எழுதினான். ஆயினும் சேர்பியரின் நாட்டுப் பாடல்களில் அது மாபெரும் தோல்வியாகவும், லாசார் மண்ணுலக அரசை விட்டு விண்ணுலக அரசைத் தேர்ந்த தியாகியாகவும் உருப்பெற்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வூக் கரஜிச் என்பவர் அப்பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியதும், கிழவர்கள் இசைத்த பாடல் பள்ளிக்கூடத்துப் பாடமாகிவிட்டது.

அப்பாடம் விழுங்கிவிட்ட செய்திகள் பல. லாசாரின் பக்கத்திலே போஸ்னியப் படையும் நின்றது. லாசாரின் மகள் ஒலிவேரா, முராத்தின் மகன் பாயசீதுக்கு மணமுடிக்கப்பட்டாள். லாசாரின் மகன் ஸ்தெபான் 1396இல் நிகோபோலிசிலும் 1402இல் அங்காராவிலும் அதே பாயசீதின் பக்கம் நின்று வாளெடுத்தான். நந்திமித்திரனின் மாமனைப் போலவே இந்த உறவுகளும் கதைக்கு இடைஞ்சல். ஆகவே கதையிலிருந்து நீங்கின.

1989 ஜூன் 28ஆம் நாள், போரின் அறுநூறாம் ஆண்டு நிறைவில், சுலோபொதான் மிலொசேவிச் அக்களத்திலே பெருங்கூட்டத்தின் முன் உரையாற்றினார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் யூகோஸ்லாவியா சிதறிப் பேரழிவு நேர்ந்தது. அல்பேனியர் பெரும்பான்மையாக வாழும் கொசோவோ 2008இல் தன்னைச் சுதந்திர நாடாகப் பிரகடனம் செய்தது. சேர்பியா அதனை ஏற்கவில்லை.

வேடிக்கையான பூசல்களும் அங்கே உண்டு. மகா அலெக்சாந்தர் யாருக்குச் சொந்தம் என்பதிலே கிரேக்க நாட்டுக்கும், 1991இல் தனி நாடான மசிடோனியாவுக்கும் மூண்ட வழக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்தது. 2011இல் ஸ்கோப்ஜே நகரின் நடுவே மாபெரும் குதிரைவீரன் சிலை எழுந்தபோது அது யாருடையதென்று பெயரிடவில்லை. பெயரின்றியே எல்லோர்க்கும் விளங்கிற்று. ஈற்றில் 2018இல் உடன்பாடு ஏற்பட்டு, மறு ஆண்டு அந்நாடு தன் பெயரை வட மசிடோனியா என மாற்றிக்கொண்டது. கிரேக்க வழக்குத் தீர்ந்ததும் பல்கேரிய வழக்கு வந்தது. 1903இல் இறந்த கோட்சே டெல்சேவ் என்னும் புரட்சியாளர் பல்கேரியரா மசிடோனியரா என்ற கேள்வி இரு நாட்டு அறிஞர் குழுவை இன்னும் வாட்டுகின்றது.

நம் பக்கம்

அயலார் கதையைக் கேட்டுச் சிரிப்பது எளிது. அலெக்சாந்தருக்காக வழக்காடியோரைப் பார்த்து நகைக்கும் நாம் இராவணனை நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழருள் ஒரு சாரார் அவனைத் தமிழ் வேந்தன் என்பர். சிங்களவருள் ஒரு சாரார் அண்மைக் காலத்தில் அவனைத் தம் முன்னோனாகக் கொண்டாடுகின்றனர். 2019இல் விண்ணிற் செலுத்தப்பட்ட இலங்கையின் முதற் செய்ம்மதிக்கு அவன் பெயரே சூட்டப்பட்டது. மகாவம்சம் கூறும் விசயன் வருகையில் இராவணனுக்கு இடமே இல்லை என்பது இரு சாராரையும் தடுக்கவில்லை.

விசயனின் கதையும் அத்தகையதே. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையைப் பாருங்கள். அங்கே விசயராசன் நாட்டின் காவலுக்காக நாற்றிசையிலும் சிவாலயம் அமைக்கின்றான், திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்கின்றான், கீரிமலைச் சாரலிலும் கோயில் எடுக்கின்றான். சிங்களவரின் ஆதிமன்னனை யாழ்ப்பாணத்துப் புலவர் பகைவனாகக் கருதவில்லை. திருநீறு பூசித் தம்மவனாக்கிக்கொண்டார்! அந்நாளில் அது எவர்க்கும் விபரீதமாகத் தோன்றவில்லை போலும்.

தமிழர் மறந்த இன்னொன்று பௌத்தம். மணிமேகலை தமிழ்க் காப்பியம், பௌத்தக் காப்பியம். மணி ஆசனத்துக்காகப் பொருத இரு நாக மன்னரைப் புத்தபிரான் அமைதிப்படுத்திய கதை அதிலும் உண்டு, மகாவம்சத்திலும் உண்டு. அந்நாக மன்னருள் ஒருவனின் மாமனே புத்தரைக் களனிக்கு அழைத்தவன் என்பது மகாவம்சக் கூற்று. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரோடு விளங்கிற்று. அங்கே தமிழர் விளக்குகளும் பசுக்களும் தானம் செய்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டுக்களே கூறுகின்றன. பொலன்னறுவையிலே வேளைக்காரப் படையினர், தந்ததாதுக் கோயிலைக் காப்போம் எனப் பொறித்துவைத்த 12ஆம் நூற்றாண்டுச் சாசனம் தமிழிலேயே உள்ளது. இவற்றை எடுத்துச் சொன்னால் தமிழருட் சிலர் முகஞ் சுளிக்கின்றனர், வடக்கிலே பௌத்தச் சின்னம் இருந்ததென்றால் அது சிங்களவர்க்கு உரித்தாகிவிடுமோ என்ற அச்சத்தால். மறுபுறத்தாரோ, பௌத்தச் சின்னம் கண்ட இடமெல்லாம் சிங்கள ஊர் என்று அளவுகோல் பிடிக்கின்றனர். தமிழ்ப் பௌத்தர் என்றொரு மக்கள் இருந்தனர் என்பதை இரு சாராரும் சேர்ந்தே அழித்துவிட்டனர். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. கல்லைத் தொடர்ந்து காணி உரிமையும் காவற்படையும் வருகின்ற நாட்டிலே தொல்பொருளை எவராலும் அமைதியாக ஆராய முடிவதில்லை.

ஆயினும் உண்மையைத் தேடி நின்ற அறிஞர் இரு பக்கத்திலும் இருந்தனர். பேராசிரியர் லெஸ்லி குணவர்த்தன 1979இல் எழுதிய ஆய்விலே, சிங்களம் என்னும் பெயர் முதலில் அரச குலத்தையே குறித்து, பின்னரே படிப்படியாக மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று என்றார். அவர் இனத்தவரான அறிஞரே அதனைக் கடுமையாக மறுத்தெழுதினர். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. இந்திரபாலா, இலங்கையில் தமிழர் குடியேற்றம் பற்றி 1965இல் இலண்டனில் எழுதிய தமது பட்ட ஆய்வு புதிய சான்றுகளின்முன் நில்லாதென்று தாமே ஒதுக்கி, 2005இல் புதிய நூலை வெளியிட்டார். சிங்களவரும் இலங்கைத் தமிழரும் இத்தீவின் ஆதிக் குடிகளிலிருந்து வந்த ஒரே மரபினர், மொழியாலும் பண்பாட்டாலும் காலப்போக்கிற் பிரிந்தவர் என்பது அவர் கண்ட முடிபு. நாற்பது ஆண்டுக்குப் பின் தம் நூலைத் தாமே தள்ளுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

சரித்திரப் பகை முற்றினால் நூல்களே முதலில் எரிகின்றன. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் பழைய ஏடுகளோடும் சாம்பலாயிற்று. 1992 ஆகஸ்டில் போஸ்னியாவின் சரயேவோ நகரத் தேசிய நூலகம் பீரங்கிக் குண்டுகளால் எரிந்தது. இரு கட்டடங்களையும் மீண்டும் எழுப்பிவிட்டனர், ஏடுகள் மீளவில்லை. பால்கன் நாட்டுச் சரித்திராசிரியர் பலர் ஒன்றுகூடி, ஒரே நிகழ்ச்சியைப் பல நாட்டு ஆவணங்களினின்றும் எடுத்து அருகருகே வைத்துக் காட்டும் நான்கு பாடத் தொகுதிகளை 2005இல் வெளியிட்டனர். பகைவரின் சாட்சியத்தையும் மாணவர் படிக்க வேண்டும் என்பதே அதன் முறை. எல்லா அரசாங்கங்களும் அதனை விரும்பி ஏற்றன என்று சொல்வதற்கில்லை.

சமாதி

கொசோவோக் களத்தில் சுல்தான் முராத்தின் நினைவு மண்டபம் இன்றும் நிற்கின்றது. சற்றுத் தொலைவிலே 1953இல் எழுப்பிய சேர்பியரின் நினைவுக் கோபுரமும் நிற்கின்றது. ஒரே வெளியில் இரு தரப்பாரின் கல்லும் இருக்கின்றன.

அநுராதபுரத்திலோ இந்த மரியாதையைச் செய்தவன் வென்ற மன்னனே. நகரின் தென் வாயிலில் இரு யானைகள் மீதிருந்து பொருத தனிப்போரில் எல்லாளன் விழுந்ததும், துட்டகைமுனு பறையறைந்து மக்களைக் கூட்டி, அவனுடலுக்கு உரிய சிறப்போடு எரியூட்டி, அவ்விடத்தே நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபாடும் ஏற்படுத்தினான். அவ்வழியே செல்லும் அரசர் வாத்திய ஒலியை நிறுத்திவிடுவது தம் காலத்திலும் வழக்கம் என்று மகாவம்ச ஆசிரியர் எழுதுகின்றார். ஏழு நூற்றாண்டு நிலைத்த மரியாதை அது.

நகரின் தெற்கேயுள்ள பெரிய மண்மேடு ஒன்றே எல்லாளன் சமாதி எனப் பரம்பரையாகக் கருதப்பட்டு வந்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலாநிதி பரணவிதான அங்கே அகழ்ந்து, கிடைத்த சாசனங்களைக் கொண்டு, அது தக்கிண தூபி என்னும் பௌத்தத் தூபியென நிறுவினார். துட்டகைமுனுவுக்கு எரியூட்டிய இடமும் அதுவேயென்று கருதினார். அகழ்வில் எடுத்த சாம்பல் துட்டகைமுனுவினுடையதே என்ற பேச்சும் பின்னர் எழுந்தது. ஜேம்ஸ் இரத்தினம் 1981இல் எல்லாளன் சமாதி பற்றித் தனி நூல் எழுதி அதனை எதிர்த்து வாதிட்டார். தூபி என்பதற்குப் பரணவிதான காட்டிய சான்று வலியது என்றே தோன்றுகின்றது. ஆயின் ஒரு பலகையை எடுத்து வேறு பலகையை நடும்போது, இத்தனை காலம் மக்கள் இதனை யாருடைய சமாதியென்று வணங்கினர் என்பதையும் ஒரு வரியில் எழுதிவைத்திருக்கலாம்.

அவ்வணக்கம் எத்தகையது என்பதை மேஜர் போர்ப்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1840இல் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளார். 1818இல் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி முறிந்தபின், கண்டியின் மிகப் பழைய பிரபுக் குடும்பத்தின் தலைவரான பிலிமத்தலாவை அநுராதபுரப் பக்கமாகத் தப்பியோடினார். பின்னாலே துரத்தும் படை, உடலிலோ களைப்பு, பல்லக்கிற் கிடந்தபடியே சென்றார். எல்லாளன் சமாதி அண்மையில் உள்ளதென்று மட்டும் அறிவார். சரியான இடம் தெரியாது. பல்லக்கினின்றும் இறங்கினார். அந்த இடத்தைக் கடந்துவிட்டோம் என்று உடன் வந்தோர் உறுதிசொல்லும் வரையில் நடந்தே சென்றார்.